பனி விழாவுக்குப் போய் வந்த மலைநாட்டவர்கள்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

நானுஓயாவிலிருந்து:

தை பிறந்தால் எங்கள் பக்கத்தில் விடியற்காலைப் புல்லெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கும். அதைப் படம் பிடிக்கக் கொழும்பிலிருந்து வேன் போட்டு வருவார்கள். எங்கள் வீட்டில் அந்த வெள்ளையைக் கண்டு யாரும் சந்தோஷப்பட்டதில்லை. வெயில் ஏறியதும் பனி பட்ட தேயிலைக் கொழுந்து தீய்ந்து கறுத்துவிடும். அப்புறம் அந்த மலையில் பல நாளைக்கு எடுக்க ஒன்றும் இருக்காது. கொழுந்து இல்லையென்றால் அந்த மாதம் பேர், அதாவது கணக்கில் ஏறும் வேலை நாள், குறையும், சம்பளமும் குறையும். அம்மா முப்பது வருஷம் கொழுந்து எடுத்தவர். ஜப்பானில் முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் என் தங்கை, "இங்க பனிக்குத் திருவிழா எடுக்கிறாங்க, ரெண்டு பேரும் வாங்க" என்று கூப்பிட்டபோது, "பனிக்கா திருவிழா?" என்று இரண்டு தரம் கேட்டார்.

2024 பெப்ரவரியில் போனோம். கட்டுநாயக்கவிலிருந்து நரிட்டா, அங்கிருந்து உள்நாட்டு விமானத்தில் நியூ சிட்டோசே, பிறகு விழா நடக்கும் சப்போரோ நகரத்துக்கு நாற்பது நிமிட ரயில். தங்கை விழா தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பே எங்களை வரச் சொல்லியிருந்தாள். அதற்காக அவளுக்கு இன்னும் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன். முடிந்த சிலைகளை எல்லாரும்தான் பார்க்கிறார்கள். சிலை உருவாவதைப் பார்க்க வேண்டுமென்றால் முன்னாடியே போக வேண்டும்.

ஒடோரி பூங்கா நகரத்தின் நடுவில் ஒன்றரைக் கிலோமீற்றர் நீளத்துக்கு நேராக ஓடுகிறது. 1950-இல் உள்ளூர் மாணவர்கள் அங்கே ஆறு பனிச்சிலைகள் செய்ததுதான் இந்த விழாவின் தொடக்கம். 1955-இல் ஜப்பானின் தற்காப்புப் படை வந்து சேர்ந்த பிறகு பெரிய சிலைகள் எழுந்தன. 1972-இல் அந்த நகரத்தில் குளிர்கால ஒலிம்பிக் நடந்ததும் உலகத்துக்கே தெரிந்துவிட்டது. பெரிய சிலைகள் பத்து மீற்றருக்கு மேல் நிற்கின்றன. நகரத்துப் பனி அழுக்காகிவிடும் என்பதால் சுத்தமான பனியை வெளியிலிருந்து லொறி லொறியாகக் கொண்டுவருகிறார்கள். பார்க்கக் கட்டணம் கிடையாது.

என் மனதில் நின்றவை அந்தப் பெரிய சிலைகள் அல்ல. பொதுமக்களுக்கென்று ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே சின்னச் சின்னப் பனிக்கட்டங்களைக் குலுக்கல் முறையில் கொடுக்கிறார்கள். வேலை முடிந்து வந்த அலுவலகக்காரர்கள், குடும்பங்கள், நண்பர்கள் என்று இரவு விளக்கு வெளிச்சத்தில் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு பாட்டி தன் குழுவோடு ஏதோ மிருகத்தின் வயிற்றைக் கையால் தட்டிச் சமப்படுத்திக்கொண்டிருந்தார். அம்மா அசையாமல் நின்று பார்ப்பதைக் கண்டு தன் கையிலிருந்த சின்னக் கரண்டியை நீட்டினார். அம்மா வாங்கவில்லை. கையுறையோடு குனிந்து, வீட்டுத் தோட்டத்தில் லீக்ஸுக்கு மண் அணைக்கிற மாதிரியே பனியை அள்ளி அணைத்துத் தட்டினார். இரண்டு பேரும் பேசிக்கொள்ள ஒரு சொல் கூட இல்லை. கால் மணி நேரம் வேலை செய்தார்கள். "இது ஈரமாவே இல்லடா, மாவு மாதிரி இருக்கு" என்றார் அம்மா என்னிடம். கொழுந்தைக் கருக்குகிற பனியைத் தவிர வேறு பனி தெரியாத மனுஷி அவர். அந்த இரவில் அவர் முகத்தைப் பார்க்கத்தான் அத்தனை தூரம் போனேன் என்று இப்போது தோன்றுகிறது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். நாங்கள் குளிருக்குப் பழகியவர்கள் என்ற தைரியத்தில் ஒரே ஒரு தடித்த ஸ்வெட்டரோடு போகாதீர்கள். வெளியே பூச்சியத்துக்குக் கீழே, கடைக்குள் போனால் வேர்க்கும். வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசாகப் பல அடுக்கு போட்டால்தான் கழற்றிக் கழற்றிப் போட முடியும். ஆனால் பெரிய ஆபத்து குளிர் இல்லை, வழுக்கல். உருகி மறுபடி உறைந்த நடைபாதை கண்ணாடி மாதிரி இருக்கும். சாதாரணச் சப்பாத்துக்கு அடியில் மாட்டிக் கழற்றக்கூடிய முள் பட்டை அங்கே சின்னக் கடைகளிலும் கிடைக்கிறது. வீதி மூலைகளில் மணல் பைகள் வைத்த பெட்டி இருக்கும், யார் வேண்டுமானாலும் எடுத்துத் தூவிக்கொண்டு நடக்கலாம். ரயில் நிலையத்திலிருந்து ஒடோரிக்கு நிலத்தடி நடைபாதையும் உண்டு, வயதானவர்களை அந்த வழியால் கூட்டிப் போங்கள். சாப்பாட்டுக்கு அம்மா திண்டாடுவார் என்று பயந்தேன். சப்போரோவின் பெயர்போன சூப் கறி காப்பாற்றியது. ரசத்துக்கும் குழம்புக்கும் நடுவில் ஒன்று, பெரிய பெரிய காய்கறித் துண்டுகளோடு, சோறு தனியாக. நேரம் இருந்தால் ஒரு சாயங்காலம் ஒட்டாரு போய்விடுங்கள். ரயிலில் கிட்டத்தட்ட முக்கால் மணி நேரம். அதே பெப்ரவரியில் அங்கே பழைய கால்வாய் ஓரம் முழுக்கப் பனிக்குள் மெழுகுவர்த்தி ஏற்றி வைக்கிறார்கள். கார்த்திகை விளக்கீட்டைப் பனியில் பார்த்த மாதிரி இருந்தது.

அட்டனிலிருந்து:

எங்கள் அப்பா ரயில்வேயில் தண்டவாள வேலை செய்தவர். அதனால் நான் பனிக்காகப் போகவில்லை, ரயிலுக்காகப் போனேன். சுவிஸில் இருக்கும் மச்சான் ஜனவரியில் வெங்கன் என்ற மலைக் கிராமத்துக்குக் கூட்டிப் போனார். லாவுபர்ஹோர்ன் பனிச்சறுக்குப் போட்டி, 1930 முதல் நடக்கிறது. அந்தக் கிராமத்துக்குக் கார் போகிற பாதை இல்லை. லாவுட்டர்புருனன் என்ற இடத்திலிருந்து, தண்டவாளத்துக்கு நடுவில் பல் சட்டம் வைத்து அதைப் பற்றிக்கொண்டு ஏறுகிற ரயிலில்தான் போக வேண்டும். நம் ரயில் நாவலப்பிட்டியைத் தாண்டி 44-க்கு ஒன்று (44 அடி போனால் ஓர் அடி உயரும்) என்ற ஏற்றத்தில் பல் சட்டம் இல்லாமலே வளைந்து வளைந்து ஏறுகிறது. அவர்கள் நேராக ஏற்றுகிறார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து அப்பாவை நினைத்துக்கொண்டே போனேன்.

போட்டித் தடம் கிட்டத்தட்ட நாலரைக் கிலோமீற்றர், உலகக் கிண்ணப் போட்டிகளிலேயே நீளமானது. அதை இரண்டரை நிமிடத்தில் இறங்கி முடிக்கிறார்கள். 2013-இல் ஒரு பிரெஞ்சு வீரர் மணிக்கு 161.9 கிலோமீற்றர் வேகத்தைத் தொட்டது இந்தத் தடத்தில்தான். தொலைக்காட்சியில் அந்த வேகம் தெரியாது. பக்கத்தில் நின்றால் ஆள் வருவதற்கு முன்னே சத்தம் வந்துவிடுகிறது, துணியைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம். ஓரிடத்தில் வீரர்கள் ரயில் பாதைக்கு அடியால் புகுந்து போகிறார்கள். மேலே ரயில், கீழே மனிதன். எனக்கு அந்த ஓர் இடம் போதும். சனத்தின் கையில் மாட்டு மணி. வருகிற ஒவ்வொருவருக்கும் அடிக்கிறார்கள், எந்த நாட்டுக்காரன் என்று பார்ப்பதில்லை. கடைசி ஆளுக்கும் அதே சத்தம்தான்.

சனிக்கிழமைதான் பெரிய போட்டி. திரும்பி இறங்கும் ரயிலில் இடம் பிடிக்க மூன்று மணி நேரம் வரிசையில் நின்றோம். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் முதல் நாளே போய் இடத்தைப் பார்த்துவிட்டு, சனிக்கிழமையை வீட்டில் தொலைக்காட்சியில் பார்ப்பது நல்லது.

தலவாக்கலையிலிருந்து:

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. மகள் ஒட்டாவாவில் இருக்கிறாள். அங்கே 1979 முதல் பெப்ரவரியில் வின்டர்லூட் என்று ஒரு விழா எடுக்கிறார்கள். அதில் எல்லாரும் பேசுவது ரிடோ கால்வாயைப் பற்றித்தான். உறைந்த கால்வாயே 7.8 கிலோமீற்றர் சறுக்குப் பாதையாகிவிடும், இலவசமாக. வேலைக்குப் போகிறவர்கள் பையை முதுகில் மாட்டிக்கொண்டு அதில் சறுக்கிப் போவார்கள் என்று மகள் சொல்லியிருந்தாள்.

2023-இல் ஆசையோடு போனேன். அந்த வருஷம் கால்வாய் திறக்கவே இல்லை. ஐம்பது வருஷத்துக்கு மேலான வழக்கத்தில் அதுதான் முதல் தடவை. ஆட்களை மேலே இறங்க அனுமதிப்பதற்கு ஐஸ் முப்பது சென்ரிமீற்றராவது தடிக்க வேண்டும், குளிர் போதாமல் அது தடிக்கவில்லை. பனிச்சிற்பங்களும் ஆற்றுக்கு அக்கரையில் பிள்ளைகளுக்கான பனிச் சறுக்குமேடைகளும் இருந்தன, பார்த்தேன். ஆனால் கால்வாய்க் கரையில் அந்த ஊர்ச் சனம் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்ற விதம் எனக்கு வேறொன்றை ஞாபகப்படுத்தியது. மழை வராத வருஷம் நாங்கள் நீர்த்தேக்கத்தை அப்படித்தான் பார்ப்போம்.

2025-இல் மறுபடி போனபோது கால்வாய் உறைந்திருந்தது. எனக்குச் சறுக்கத் தெரியாது, முழங்கால் வலி வேறு. அங்கே தள்ளிக்கொண்டு போகும் சறுக்குவண்டி வாடகைக்குக் கிடைக்கிறது. கம்பளி சுற்றி என்னை உட்கார வைத்துப் பேரன் தள்ளினான். பாலங்களுக்கு அடியால் போகும்போது அவன் சிரிப்பு எதிரொலித்தது. வழியில் எண்ணெயில் பொரித்த தட்டை ரொட்டி, மேலே கறுவாத்தூளும் சீனியும். பீவர் வால் என்று பெயர். கறுவா எங்கள் நாட்டுச் சாமான் என்று பேரனுக்குச் சொன்னேன். என் வயதுள்ளவர்கள் இது நமக்கில்லை என்று நினைக்காதீர்கள், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

பண்டாரவளையிலிருந்து:

ஜப்பான், கனடா எல்லாம் எல்லாருக்கும் எட்டாது. நாங்கள் நான்கு நண்பர்கள் 2025 பெப்ரவரியில் காஷ்மீரின் குல்மார்க் போனோம். சென்னை, டில்லி, ஸ்ரீநகர், பிறகு ஐம்பது கிலோமீற்றர் வாகனத்தில். கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டைப் பார்க்கத்தான் திட்டம் போட்டோம். பனி போதவில்லை என்று போட்டியை மார்ச் மாதத்துக்குத் தள்ளிவிட்டார்கள். டிக்கெட் போட்டாயிற்று, போய்விட்டோம்.

சரி, நட்டமா என்றால் இல்லை. கேபிள் காரில் அபர்வத் மலைக்கு, ஏறக்குறைய 3,980 மீற்றர் உயரத்துக்குப் போனோம். பீதுருதலாகலை 2,524 மீற்றர்தான், கணக்குப் போட்டுப் பாருங்கள். அங்கே மெதுவாக நடக்க வேண்டும், தலை சுற்றும். அடிவாரத்தில் சப்பாத்து வாடகைக்கு எடுத்த கடையில் ஈரச் சப்பாத்தைக் கொடுத்துவிட்டார்கள். நாள் முழுக்க விரல் மரத்துப்போனது. வாடகைக்கு எடுக்கும்போது கையை உள்ளே விட்டுப் பாருங்கள், இரண்டு சோடி மேஸ் (காலுறை) கூடவே வைத்திருங்கள். குளிரில் நடுங்கிய என்னைப் பார்த்து ஒரு குதிரைக்காரர் தன் நீள அங்கிக்குள் வைத்திருந்த காங்ரியை எடுத்துத் தந்தார். பிரம்புக் கூடைக்குள் மண்சட்டி, சட்டிக்குள் தணல். தோட்டத்து லயன் வீட்டில் அப்பாயி கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கிற நெருப்புச் சட்டியேதான். போவதற்கு முன் அங்குள்ள பாதுகாப்பு நிலைமையைக் கட்டாயம் விசாரியுங்கள்.

கந்தப்பளையிலிருந்து:

நான் எங்கேயும் போகவில்லை, மரக்கறி செய்கிறவன். மகன் நோர்வேயில் இருப்பதால் மார்ச்சில் ஹோல்மென்கொல்லன் பனிச்சறுக்குப் போட்டியை வீடியோ அழைப்பில் காட்டினான். 1892-இல் தொடங்கியதாம். ஒஸ்லோவில் நகர ரயிலிலேயே, வீரர்கள் சறுக்கி வந்து பாய்கிற அந்த மேடைக்குப் போய்விடலாம் என்கிறான். இந்த வருஷம் வா அப்பா என்கிறான். எனக்கு ஒரு கேள்வி, நானுஓயாத் தம்பிக்கு. விழா முடிந்ததும் அந்தச் சிலைகளை என்ன செய்கிறார்கள்? உருகும் வரை விட்டுவிடுவார்களா?

நானுஓயாவிலிருந்து:

இல்லை அண்ணன். உருகிச் சரிந்தால் ஆள் மேல் விழும் என்பதால் விழா முடிந்த மறுநாளே மண் தோண்டும் இயந்திரம் கொண்டுவந்து இடித்துவிடுகிறார்கள். அதைப் பார்க்கவும் காலையிலேயே சனம் வந்து நிற்கிறது. நாங்களும் போனோம். முதல் அடியிலேயே ஒரு கோபுரத்தின் முகப்பு தூளாகச் சரிந்தது. எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. அம்மாவுக்கு அப்படி இல்லை. "கரகம் பாலிச்சா குடிவிடணும்ல" என்றார். திருவிழா முடிந்ததும், அலங்கரித்த கரகத்தைத் தண்ணீரில் விடுவதைச் சொன்னார். பிறகு அந்தப் பாட்டியின் சின்னச் சிலை இருந்த இடத்தைத் தேடிப் போனார். பனிக் குவியல்தான் கிடந்தது. கையுறையைக் கழற்றி வெறுங்கையால் ஒரு பிடி அள்ளி, உருகும் வரை வைத்திருந்தார்.

நீங்கள் நோர்வே போவதாக இருந்தால் சொல்லுங்கள். அம்மாவும் நானும் போட்ட முள் பட்டை இரண்டு சோடி வீட்டில் சும்மா கிடக்கிறது. சப்பாத்து அளவைச் சொன்னால் போதும், பஸ்ஸில் கொடுத்து விடுகிறேன்.