லாரி மோதி கணவருக்குப் பலத்த அடி: எதிர்த்தரப்பு இன்சூரன்ஸ் நீட்டும் பேப்பரில் கையெழுத்துப் போடலாமா?

கரையோரம் (கேள்வி)

வணக்கம். என் கணவருக்கு விபத்து நடந்து இன்றோடு பதினெட்டு நாள். சிக்னலில் ஸ்கூட்டரில் நின்றிருந்தார், பக்கத்தில் ஒரு கன்டெய்னர் லாரி. பச்சை விழுந்ததும் இவர் நேராகப் போக, லாரி இவர் பக்கமாகவே திரும்பிவிட்டது. ஸ்கூட்டர் அடியில் போய்விட்டது, இவரையும் கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. இடுப்பிலும் வலது முழங்காலிலும் பிளேட் வைத்திருக்கிறார்கள். ஏசி மெக்கானிக் அவர். ஏணி ஏறாமல் அந்த வேலையே இல்லை.

மூன்றாவது நாளே லாரித் தரப்பு இன்சூரன்ஸிலிருந்து ஒருவர் போன் செய்தார். மரியாதையாகத்தான் பேசுகிறார், "சார் சாப்பிட்டாரா" என்றுகூடக் கேட்கிறார். ஆஸ்பத்திரி பில்லும் அதற்கு மேல் ஒரு தொகையும் உடனே தருவார்களாம், ஒரு பேப்பரில் கையெழுத்துப் போட்டால் போதுமாம். அதில் "முழுமையான, இறுதியான தீர்வு" என்று ஒரு வரி இருக்கிறது. கையிருப்பு கரைந்துவிட்டது, வருவதை வாங்கிக்கொள்ளலாம் என்கிறார் மாமனார்.

டிரைவர் சின்னப் பையன், அவரிடம் என்ன இருக்கப்போகிறது? கேபின் கதவில் ஒரு கம்பெனி பெயர், டிரெய்லரில் வேறு பெயர், கன்டெய்னரில் மூன்றாவது பெயர். யார் மேல் கேஸ் போடுவது? இதில் "டிரைவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நின்றது உங்கள் வீட்டுக்காரர் தப்பு" என்று வேறு சொல்கிறார்கள். எதிர்த்தரப்பும் இதைப் படிக்கலாம் என்பதால் நாடு, ஊர் எதையும் சொல்லவில்லை. பொதுவாகவே சொல்லுங்கள்.

டீசல்வாசம்

சகோதரி, நான் பதினோரு வருஷம் ஒரு லாரி கம்பெனி ஆபீஸில் டிரிப் போடுகிற மேஜையில் இருந்தவன். விபத்து என்று போன் வந்தால் எங்கள் பக்கம் என்ன நடக்கும் தெரியுமா? முதல் போன் இன்சூரன்ஸுக்கு, அடுத்தது வக்கீலுக்கு, அப்புறம் டிரைவரிடம் "யாரிடமும் வாய் திறக்காதே". அன்று சாயங்காலத்துக்குள் எங்கள் ஆள் ஸ்பாட்டில் டேப் பிடித்து அளந்துகொண்டிருப்பார். அந்த நேரத்தில் நீங்கள் ஐசியூ வாசலில் உட்கார்ந்திருப்பீர்கள்.

உங்களுக்குப் பெரிய சாட்சி அந்த லாரிதான். இப்போதைய வண்டிகள் பலவற்றில், சடன் பிரேக் அடித்தால் அந்த நேரத்து வேகம், பிரேக் எப்போது மிதிபட்டது என்பதையெல்லாம் என்ஜின் கம்ப்யூட்டர் பதிந்து வைக்கும். ஆனால் அதில் இடம் கொஞ்சம்தான், வண்டி மறுபடி ரோட்டில் ஓடினால் புதுப் பதிவு பழையதன் மேல் ஏறிவிடும். டேஷ்கேமும் அப்படியே. இது போக ஜிபிஎஸ், டிரைவரின் போன் விவரம், பிரேக் சர்வீஸ் பில், லோடு எடை சீட்டு, எத்தனை மணி நேரம் ஓட்டினார் என்ற கணக்கு எல்லாம் இருக்கும். இந்த ஓட்டிய கணக்கை அமெரிக்காவில் கம்பெனி 6 மாதம் வைத்திருந்தால் போதும், ஐரோப்பிய ஒன்றியத்தில் டாகோகிராஃப் (ஓட்டிய நேரத்தையும் வேகத்தையும் பதியும் கருவி) பதிவை ஒரு வருஷம். கெடு முடிந்து தூக்கிப்போட்டால் நீங்கள் ஒன்றும் கேட்க முடியாது. அதனால்தான் "இன்னின்னதை அழிக்கக் கூடாது" என்று வக்கீல் வழியாக இப்போதே எழுத்தில் நோட்டீஸ் போக வேண்டும். நோட்டீஸ் கைக்கு வந்தபின் அழித்தால் அது அவர்களுக்கு எதிராகவே திரும்பலாம்.

ஓட்டிய கணக்கை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் 10 மணி நேர ஓய்வுக்கு அப்புறம் 11 மணி நேரம்தான் சரக்கு லாரி ஓட்டலாம். ஐரோப்பாவில் ஒரு நாளைக்கு 9, வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10, நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிஷ நிறுத்தம். ஆனால் டிரைவர் தூங்கியதாக எழுதிய நேரத்தில் அதே வண்டிக்கு டீசல் போட்ட பில் இருக்கும், நானே ஃபைலில் கோத்திருக்கிறேன். அப்படி ஒரு பில் சிக்கினால் "பையன் கவனக்குறைவு" என்று கம்பெனி கை கழுவ முடியாது.

ஒற்றைக்கால் நாரை

எல்லாம் சரி, அந்தப் பேப்பரைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் காணோமே. போடாதீர்கள்! நான் போட்டேன்.

டிப்பர் மோதி கணுக்கால் உடைந்து நாலாவது வாரம், இதே போல மரியாதையான ஒருவர், இதே போல ஒரு வரி. எட்டாவது மாதம் எலும்பு சரியாகக் கூடவில்லை, திரும்ப ஆபரேஷன் என்றார் டாக்டர். அதே நம்பருக்கு போன் செய்தேன். "ஃபைல் குளோஸ் ஆகிவிட்டதே சார்" என்றார், அதே மரியாதையோடு. காயம் எதில் போய் நிற்கும் என்று டாக்டரே சொல்ல முடியாத நேரத்தில் நாம் எப்படி விலை சொல்வது? பணமுடை புரிகிறது அம்மா. இடைக்காலமாகக் கொஞ்சம் கேட்க வழி இருக்கிறதா என்று வக்கீலிடம் கேளுங்கள், பல இடங்களில் உண்டு.

போனில் ரெக்கார்ட் செய்கிற வாக்குமூலமும் வேண்டாம். "இப்போ எப்படி இருக்கார்", "பரவாயில்லை" என்று நீங்கள் சொல்வதுகூட அவர்கள் ஃபைலில் ஏறும். போட்டோவும் போடாதீர்கள். என் தம்பி பேத்தியைத் தூக்கி வைத்திருந்த ஒரு படத்தை அவன் கேஸில் எடுத்து நீட்டினார்கள், நிற்க முடியாதவர் குழந்தையை எப்படித் தூக்கினார் என்று. அவன் நாற்காலியில் உட்கார்ந்துதான் தூக்கியிருந்தான்.

கறுப்புக்கோட்டு

வக்கீல்தான், ஆனால் உங்கள் வக்கீல் அல்ல, அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

மூன்று பெயர் விஷயம்: கன்டெய்னரில் இருப்பது பெரும்பாலும் கப்பல் கம்பெனி பெயர், அதன் பின்னால் ஓடாதீர்கள். முன்வண்டி, டிரெய்லர் இரண்டின் பதிவு விவரத்தையும் பாலிசியையும் எடுங்கள். டிரைவர் வேலை நேரத்தில் செய்த தவறுக்கு முதலாளி பொறுப்பு என்பது அநேகமாக எல்லா நாட்டிலும் உள்ள விதி. பிரேக் பார்த்தவர், லோடு ஏற்றியவர் எல்லாம் ஆதாரம் கிடைத்தால் பொறுப்பில் வருவார்கள்.

கண்ணுக்குத் தெரியாத இடம் என்ற வாதம் எனக்கு அலுத்துப்போன ஒன்று. அப்படி ஒரு இடம் இருப்பது டிரைவருக்குத் தெரியும்தானே, அப்போது திரும்புமுன் பார்க்கும் கடமை கூடத்தான் செய்யும். லண்டனில் 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு, டிரைவரால் எவ்வளவு நேரடியாகப் பார்க்க முடிகிறது என்று நட்சத்திரக் கணக்கு வைத்துத்தான் பர்மிட் கொடுக்கிறார்கள். உங்கள் கணவர் மேல் கொஞ்சம் தவறு என்றே முடிவானாலும், பெரும்பாலான நாடுகளில் அந்தப் பங்குக்குத்தான் தொகை குறையும். அமெரிக்காவின் சில மாநிலங்கள் மட்டும் துளி தவறு இருந்தாலும் ஒன்றும் தராது.

போலீஸ் கேஸ் வேறு, நஷ்டஈடு வேறு. டிரைவர் விடுதலையானாலும் நஷ்டஈட்டு வழக்கு அதோடு முடிவதில்லை. வழக்குப் போடும் கெடு நாட்டுக்கு நாடு மாறும்: இங்கிலாந்தில் பொதுவாக 3 வருஷம், இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டப்படி தீர்ப்பாயத்துக்கு 6 மாதம், அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம். ஃபீஸும் அப்படித்தான். கிடைப்பதில் இத்தனை சதவீதம் என்பது அமெரிக்காவில் சகஜம், இந்தியாவில் பார் கவுன்சில் விதி அதை அனுமதிப்பதில்லை.

ஏணியைப் பற்றி எழுதினீர்களே, கேஸின் உயிரே அங்கேதான் இருக்கிறது. டாக்டர் 30 சதவீத ஊனம் என்று எழுதினால் வருமான இழப்பும் 30 சதவீதம்தான் என்று பேசி முடிக்கப் பார்ப்பார்கள். இந்திய உச்ச நீதிமன்றம் 2010-இல் ஒரு தீர்ப்பில் இதற்கு ஓர் உதாரணம் சொன்னது: இடது கை போனால் டிரைவருக்கோ தச்சருக்கோ பிழைப்பே போகும், குமாஸ்தா வேலையில் தொடரலாம். ஆகவே அவர் எத்தனை மாடி ஏறி வேலை பார்த்தார் என்பதற்கு ஜாப் கார்டு, பில் புத்தகம், வாடிக்கையாளர் மெசேஜ் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள்.

கரையோரம்

பேப்பரில் கையெழுத்துப் போடவில்லை, மாமனாரிடமும் சொல்லிவிட்டேன். நாளை ஒரு வக்கீலைப் பார்க்கிறோம். லாரி இன்னும் ஸ்டேஷன் மைதானத்தில்தான் நிற்கிறதாம். முதலாளி வண்டியை விடச் சொல்லி மனு போட்டிருக்கிறாராம், என் தம்பி பார்த்துவிட்டு வந்து சொன்னான்.

டீசல்வாசம்

அப்படியானால் நாளை வரை காத்திருக்காதீர்கள், வக்கீலுக்கு இன்று ராத்திரியே போன் போடுங்கள். வண்டி கிளம்புவதற்குள் என்ஜின் பதிவை இறக்கி எடுக்கச் சொல்லி மனு போகட்டும். தம்பியை விடிந்ததும் அனுப்பி, உங்கள் வீட்டுக்காரர் நின்ற பக்கத்துக் கண்ணாடி, இண்டிகேட்டர் பல்பு, எல்லா டயர், இரண்டு நம்பர் பிளேட் எல்லாவற்றையும் கிட்டத்தில் படமெடுக்கச் சொல்லுங்கள். வண்டியைத் தொட மட்டும் வேண்டாம்.

கரையோரம்

போன் போட்டுவிட்டேன். காலை ஏழு மணிக்கு அவரே ஸ்டேஷனுக்கு வருகிறாராம்.