புதுப்பிப்பு: முறிந்த சாவி வெளியே வந்துவிட்டது

கோத்தகிரி வீட்டு வாசல் பூட்டுக்குள் சாவி முறிந்துவிட்டது என்று முந்தாநாள் எழுதியிருந்தேன். நேற்று எடுத்துவிட்டேன்.

எவ்வளவு இழுத்தும் வராததற்குக் காரணம், சாவி பாதி திரும்பிய நிலையில் முறிந்திருந்ததுதான். துவாரம் பழையபடி நேராக நின்றால்தான் உள்ளிருக்கும் பின்கள், அதாவது சாவியின் வெட்டுகளில் அமரும் சின்ன உலோகக் குச்சிகள், சாவியை விடும். சின்ன ஸ்க்ரூடிரைவர் நுனியால் அதைத் திருப்பினேன். பென்சில் கரியைப் பொடித்து உள்ளே ஊதினேன். அப்புறம் மெல்லிய ரம்பப் பிளேடை, பற்கள் வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும்படி, சாவியின் வெட்டுப் பக்கமாக நுழைத்து, லேசாகத் திருகி இழுத்தேன். மூன்றாவது முறை பித்தளைத் துண்டு ஒரு நெல்லளவு எட்டிப் பார்த்தது. அப்பாடா! இடுக்கியால் பிடித்துவிட்டேன்.

முறிந்த இடத்தில் பாதி கறுத்திருந்தது, பழைய விரிசல். துண்டை ஒட்டி இழுக்கலாம் என்று பசை ஊற்றும் யோசனை மட்டும் வேண்டாம், பின்களும் ஒட்டிக்கொள்ளும். புதுச் சாவியை, தேயாத மாற்றுச் சாவியைக் கொடுத்து வெட்டி வாங்கினேன்.