காது இரைச்சலுக்குப் பாட்டை வெட்டிக் கேட்டவர்கள் உண்டா?

செம்பனைக்காரன்:
மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை எண்ணெய் ஆலையில் 20 வருடம் பாய்லர் பக்கத்திலேயே வேலை, காதடைப்பான் எல்லாம் பிற்பாடுதான் வந்தது. இப்போது இரண்டு காதிலும் சில்வண்டு கத்துகிற மாதிரி ஓயாத சத்தம், ராத்திரி தோட்டம் அடங்கிய பிறகு இன்னும் மோசம். போன் ஆப்பில் ஒப்பிட்டால் 6000 ஹெர்ட்ஸ் வருகிறது. அந்த ஒலியை எடுத்துவிட்டுப் பாட்டு கேட்டால் குறையுமாமே, எப்படிச் செய்வது?

பழையபாட்டு:
அண்ணே, நான் செய்து பார்த்தேன். ஆடாசிட்டி என்ற ஒலி வெட்டி ஒட்டும் மென்பொருள் இலவசம், அதில் வேண்டிய ஒலியளவை மட்டும் குறைக்கிற ஃபில்டர் கர்வ் போதும். 6000-ஐ மட்டும் ஊசி மாதிரி பிடுங்காதீர்கள், ஒரு ஆக்டேவ் (ஒரு ஹெர்ட்ஸ் அளவிலிருந்து அதன் இரண்டு மடங்கு வரை) அகலம் வேண்டும், சுமார் 4240 முதல் 8490 வரை. அப்புறம், பழைய ரேடியோ பதிவுகளில் அந்த உயரத்தில் பெரிதாக ஒன்றும் இருக்காது, வெட்ட என்ன இருக்கிறது? ஜால்ரா பளிச்சென்று கேட்கிற பாட்டாக எடுங்கள். 3000, 12000 இரண்டையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள், பலரும் ஆக்டேவ் மாற்றிப் பிடித்துவிடுகிறார்கள். எனக்கு நாலு மாதத்தில் கொஞ்சம் தேவலை, பழகிப்போனதோ என்னவோ.

காதுகொடு:
2010-இல் ஜெர்மனியில் இப்படி வெட்டிய பாட்டை ஒரு வருடம் கேட்கவைத்துக் காது இரைச்சல் குறைந்ததாகச் சொன்னார்கள், ஆனால் சின்னக் கூட்டம்தான், பிறகு வந்த ஆய்வுகள் ஒரே மாதிரி சொல்லவில்லை. பாட்டுச் சத்தத்தைக் குறைத்தே வையுங்கள். இரைச்சல் ஒரு காதில் மட்டும் என்றாலோ, நாடித்துடிப்போடு சேர்ந்து அடித்தாலோ, முதலில் காது டாக்டரைப் பாருங்கள்.

செம்பனைக்காரன்:
சரி, கேட்கும் திறனையும் சோதித்துவிடுகிறேன். இன்றைக்கு ராத்திரிக்குக் காற்றாடிச் சத்தம்தான் துணை.