ஓரத்துல ‘5 வைரஸ்’னு வந்துட்டே இருக்கு, ஸ்கேன் பண்ணா ஒண்ணும் இல்லங்குது. உதவி பண்ணுங்க

கெடிலக்கரை:
வணக்கம். வீடு கடலூர் மஞ்சக்குப்பம். பழைய டெஸ்க்டாப், ஐ5 நாலாவது தலைமுறை, 8 ஜிபி ராம், விண்டோஸ் 10. எட்டு மாசம் முன்னாடி ஒரு கடையில 500 ரூபாய்க்கு ஃபார்மட் பண்ணி, ஆபீஸ் எல்லாம் போட்டு வாங்கினது. அப்பா பேங்க் கணக்கு பார்ப்பார், சீரியல் பார்ப்பார். தங்கச்சி டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறா.

ரெண்டு வாரமா வலது பக்கம் கீழ் மூலையில சிவப்புப் படத்தோட ‘உங்க கம்ப்யூட்டர்ல 5 வைரஸ்’னு இங்கிலீஷ்ல வந்துட்டே இருக்கு. முந்தாநாள் அப்பா அதைத் தொட்டுட்டார். ஸ்கிரீன் முழுசா அடைச்சுகிட்டு பீப் பீப்னு கத்துச்சு, ஒரு போன் நம்பரும் இருந்துச்சு. பயந்துபோய் கூப்பிட்டிருக்கார். ‘மைக்ரோசாஃப்ட்ல இருந்து பேசறோம்’னு ஹிந்தியும் இங்கிலீஷும் கலந்து பேசி, ரிமோட்ல பார்க்கிற ஒரு சாஃப்ட்வேரை இறக்கச் சொன்னாங்களாம். அது இறங்கிட்டு இருக்கும்போதே கரண்ட் போயிடுச்சு. மின்வாரியத்தை முதல் தடவையா வாழ்த்தினோம்.

இதுபோக, தங்கச்சி செராக்ஸ் கடைக்குக் கொண்டுபோன பென்டிரைவ்ல ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டா மாறியிருக்கு. விண்டோஸோடவே வர்ற ஆன்டிவைரஸ் டிஃபெண்டர்ல ஸ்கேன் பண்ணா ‘ஒண்ணும் இல்லை’ங்குது. என்ன பண்றது?

பலாச்சுளை:
ஃபார்மட் பண்ணுங்க. வேலை முடிஞ்சுது.

லாஸ்பேட்டை லினக்ஸ்:
விண்டோஸை எடுத்துட்டு லினக்ஸ் போடுங்க, இலவச ஆபரேட்டிங் சிஸ்டம். (ஆமா, எல்லா இழையிலயும் இதைத்தான் சொல்வேன்.)

உப்புக்காத்து:
ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கப்பா. அம்மா, கடலூர் ஓ.டி.யில (பழைய டவுன்) பன்னிரண்டு வருஷம் சர்வீஸ் கடை வச்சிருந்தவன் நான். மூணு விஷயம் சொல்லுங்க. அந்த மூலைப் பெட்டியில சின்ன எழுத்துல குரோம்னோ ஏதாவது வெப்சைட் பேரோ இருக்கா? அந்த ரிமோட் சாஃப்ட்வேர் இன்ஸ்டால் ஆச்சா, பாதியில நின்னுச்சா? அப்பா ஓடிபி, கார்டு நம்பர் ஏதாவது சொன்னாரா?

கெடிலக்கரை:
குரோம்னு போட்டு, கீழ ஏதோ வாயில நுழையாத சைட் பேர் இருக்குணா. சாஃப்ட்வேர் டவுன்லோட்ஸ்ல பாதி ஃபைலா கிடந்துச்சு, அழிச்சுட்டேன். இன்ஸ்டால் லிஸ்ட்ல இல்ல. ஓடிபி எதுவும் சொல்லலையாம். மூணு தடவை மாத்தி மாத்திக் கேட்டுட்டேன்.

உப்புக்காத்து:
அப்போ பணம் தப்பிச்சுது. ஒருவேளை போயிருந்தா அந்த நிமிஷமே 1930க்கு (சைபர் மோசடிப் புகார் நம்பர்) அடிக்கணும், தாமதிச்சா பணம் கை மாறிகிட்டே போயிடும். இதைக் குறிச்சு வச்சுக்குங்க.

மூலையில வர்றது வைரஸே இல்ல. பிரவுசர் நோட்டிஃபிகேஷன். அப்பா சீரியல் பார்க்கப் போன ஏதோ ஒரு சைட் ‘நீங்க ரோபோ இல்லைன்னா அலோ அமுக்குங்க’ன்னு கேட்டிருக்கும். அவர் அமுக்கியிருப்பார். அன்னியிலிருந்து அந்த சைட் எப்ப வேணும்னாலும் எதை வேணும்னாலும் எழுதி அனுப்பலாம். ஃபைல் எதுவும் இல்லாததால எந்த ஸ்கேன்லயும் மாட்டாது. குரோம் பின்னால ஓடிட்டு இருந்தா, ஜன்னலை மூடினாலும் வரும்.

குரோம்ல செட்டிங்ஸ், ப்ரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ். அங்க அனுமதி வாங்கின சைட் எல்லாம் வரிசையா இருக்கும். தெரியாததை எல்லாம் தூக்குங்க. மேலேயே ‘எந்த சைட்டும் கேக்கக் கூடாது’ங்கிற மாதிரி ஒரு தேர்வு இருக்கும், அதையும் போட்டு விடுங்க.

கத்தற ஸ்கிரீன் திரும்ப வந்தா எஸ்கேப் பட்டனை அமுக்கிப் பிடிங்க, இல்லாட்டி ஆல்ட்டும் எஃப்4ம். மைக்ரோசாஃப்ட் தன்னோட எச்சரிக்கையில போன் நம்பர் போடறதே இல்ல. நம்பர் இருந்தா திருட்டு. அப்பாகிட்ட இதை மட்டும் சொன்னாப் போதும்.

வில்லியனூர் வாசி:
சிஸ்டர், பாதுகாப்புக்கு ரெண்டு ஆன்டிவைரஸ் போட்டுடுங்க. ஒண்ணு விட்டதை இன்னொண்ணு பிடிக்கும்.

உப்புக்காத்து:
ஒண்ணோட ஒண்ணு சண்டை போடும் சார், மெஷின் ஆமையாயிடும். வீட்டுக்கு டிஃபெண்டரே போதும், ஒழுங்கா ஓடுச்சுன்னா. அந்த ‘ஓடுச்சுன்னா’தான் எனக்குச் சந்தேகம். அம்மா, விண்டோஸ் செக்யூரிட்டி திறந்து, வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்‌ஷன், மேனேஜ் செட்டிங்ஸ், கடைசியில எக்ஸ்க்ளூஷன்ஸ், அதாவது ஸ்கேன் பண்ண வேண்டாம்னு விலக்கி வச்ச லிஸ்ட் இருக்கும். உள்ள என்ன இருக்குன்னு சொல்லுங்க.

கெடிலக்கரை:
பாப்அப் நின்னுடுச்சுணா!! லிஸ்ட்ல பதினோரு சைட் இருந்துச்சு.

எக்ஸ்க்ளூஷன்ஸ்ல ஒரே ஒரு வரி. சி டிரைவ்னு மட்டும் இருக்கு. அப்படின்னா?

உப்புக்காத்து:
நினைச்சேன். வாசல்ல காவலாளியை உக்கார வச்சுட்டு, ‘இந்த வீட்டுக்குள்ள மட்டும் பார்க்காத’ன்னு சொல்லி வச்சிருக்காங்க. ஸ்கேன் பண்ணா ஒண்ணும் இல்லைன்னுதான் வரும், அது பார்க்கவே இல்லையே.

கடைக்காரர் உங்களைக் கெடுக்கணும்னு செஞ்சிருக்க மாட்டார். விண்டோஸையும் ஆபீஸையும் காசு கட்டாம ஆக்டிவேட் பண்ற கிராக்கை டிஃபெண்டர் பிடிச்சுடும். அதனால மொத்த டிரைவையும் விலக்கிட்டு வேலையை முடிச்சிருக்கார். நானும் ஒரு காலத்துல செஞ்சவன்தான், மறைக்கல. ஆனா அந்த கிராக்கோட வேற என்ன ஒட்டிகிட்டு வந்துச்சுன்னு போட்டவருக்கே தெரியாது. அப்புறம் பென்டிரைவ்ல வந்தது சி டிரைவ்ல இறங்கினாலும் கேக்க ஆளில்ல.

அந்த வரியை நீக்கிட்டு முதல்ல ஆஃப்லைன் ஸ்கேன் கொடுங்க. ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுசா எழுந்திருக்கறதுக்கு முன்னாடியே தேடும், கால் மணி நேரம் ஆகும். அப்புறம் ஃபுல் ஸ்கேன், ராத்திரி போட்டுட்டுத் தூங்குங்க. அதுவரைக்கும் அப்பா இதுல பேங்க் பார்க்க வேண்டாம்.

பென்டிரைவ்: அந்த ஷார்ட்கட்டைத் தொடவே கூடாது, தொட்டா அதுதான் வைரஸை ஓட்டும். ஃபைல் எங்கயும் போகல, ஒளிச்சு வச்சிருக்கு. எக்ஸ்ப்ளோரர்ல மறைஞ்ச ஃபைலையும், சிஸ்டம் ஃபைலையும் காட்டச் சொன்னா தெரியும். சில வகை, பேரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள்ள போட்டு வைக்கும்.

கெடிலக்கரை:
ஆறு மணி நேரம் ஓடுச்சு. நாலு மாட்டிச்சு. ரெண்டு ‘ஹேக்டூல்’, ஒண்ணு பென்டிரைவ் சமாச்சாரம் மாதிரி, ஒண்ணு ‘ட்ரோஜன்’, தேதி பார்த்தா ஃபார்மட் பண்ண அதே வாரம். எல்லாத்தையும் நீக்கிட்டேன். தங்கச்சி ஃபைல் கிடைச்சுடுச்சு, பேரில்லாத ஃபோல்டர்லதான் இருந்துச்சு. இனி நிம்மதியா இருக்கலாமாணா?

உப்புக்காத்து:
இல்லம்மா. ஹேக்டூல்ங்கறது அந்த கிராக் வகை. ட்ரோஜன்னா நல்ல சாஃப்ட்வேர் வேஷத்துல உள்ள வர்றது. எட்டு மாசம் உள்ள இருந்த அது இன்னும் எதை இறக்கி வச்சிருக்குன்னு ஸ்கேனை நம்பிச் சொல்ல முடியாது. ஃபார்மட்தான்.

பலாச்சுளை:
நான் மொதல்லயே சொன்னேன் 😌

உப்புக்காத்து:
சொன்னீங்க சார். ஆனா அப்பவே பண்ணியிருந்தா அதே கடைக்குத்தான் போயிருப்பாங்க, அதே வரி திரும்ப உள்ள வந்திருக்கும்.

முதல்ல போன்ல இருந்து, அந்தக் கம்ப்யூட்டர்ல இருந்து இல்ல, மெயில், பேங்க் பாஸ்வேர்டை மாத்துங்க. மெயில்ல எல்லா டிவைஸ்லயும் லாக்அவுட் கொடுங்க. பிரவுசர்ல ஏற்கெனவே லாகின் ஆகியிருக்கறதைக் குறிச்சு வைக்கிற ‘குக்கி’ங்கிற ஃபைலைத் திருடற வகை இருக்கு, அதுக்குப் பாஸ்வேர்டே தேவையில்ல. போட்டோ, பிடிஎஃப், டாக்குமென்ட் மட்டும் வெளி டிஸ்க்ல எடுங்க. செட்டப் ஃபைல் ஒண்ணுகூட வேண்டாம். எடுத்த டிஸ்கை கழட்டி வச்சுடுங்க.

திரும்ப எதைப் போடறதுங்கறதுலதான் சிக்கல். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சாதாரண சப்போர்ட் முடிஞ்சுது. உங்க நாலாவது தலைமுறை ஐ5க்கு விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது, எட்டாவது தலைமுறையில இருந்துதான். குறுக்கு வழியில ஏத்தலாம், நான் சொல்ல மாட்டேன். லாஸ்பேட்டைத் தம்பி, வாங்க.

லாஸ்பேட்டை லினக்ஸ்:
இந்த நாளுக்காகத்தான் காத்திருந்தேன் அண்ணே. லினக்ஸ்லயே மிண்ட்னு ஒரு வகை இருக்கு, அதைப் போடுங்க அக்கா, 8 ஜிபிக்குத் தாராளம். ஆபீஸுக்குப் பதிலா இலவச லிப்ரேஆபீஸ் கூடவே வரும், தமிழ் டைப்பும் வரும். வேற நல்ல கம்ப்யூட்டர்ல அவங்க சொந்த சைட்ல இருந்து இறக்கணும். இன்ஸ்டால் பண்ணாமலே பென்டிரைவ்ல இருந்து ஓட்டிப் பார்க்கலாம். பிரின்டர் வேலை செய்யுதான்னு அப்பவே பார்த்துக்குங்க, அதுலதான் சிலருக்கு மாட்டும்.

ஒண்ணு மட்டும், அந்த மூலைப் பாப்அப் லினக்ஸ்லயும் வரும். அது பிரவுசர் விவகாரம். அலோ அமுக்கினா அமுக்கினதுதான்.

கெடிலக்கரை:
பிரின்டரே இல்ல, அதுக்குத்தானே செராக்ஸ் கடை. இனிமே பென்டிரைவ் கொண்டுபோகாம கடைக்கு மெயில் பண்ணிடச் சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை மிண்டை ஓட்டிப் பார்த்துட்டு வந்து சொல்றேன். அப்பா ஒரே ஒரு கேள்வி கேக்கறார்: சீரியல் வருமா?

லாஸ்பேட்டை லினக்ஸ்:
வரும் அக்கா. பிரவுசர்ல சேனலோட சொந்த சைட்ல பார்க்கச் சொல்லுங்க.