"விதி எல்லாருக்கும் ஒன்றுதானே?" - சில அனுபவங்கள்

பணிநேரப் பட்டியல் போடுவது என் வேலை. புதிதாகச் சேர்ந்த இளைஞர் ஒருவர், வெள்ளிக்கிழமை மதியம் முக்கால் மணி நேரம் தொழுகைக்கு விட முடியுமா என்று கேட்டார். "ஒருவருக்கு விட்டால் எல்லாருக்கும் விடணும் தம்பி. விதி எல்லாருக்கும் ஒன்றுதான்" என்றேன். நியாயமாகப் பேசிவிட்ட திருப்தி எனக்கு. அவர் கோபப்படவில்லை. சுவர்க் காலண்டரைப் பார்த்தபடி, "ஞாயிற்றுக்கிழமை ஏன் சார் லீவு?" என்று மட்டும் கேட்டார்.

சட்டென்று பதில் வரவில்லை. கி.பி. 321-ல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஓய்வு நாளாக அறிவித்தது அந்த ஞாயிறு. கிறிஸ்தவர்களின் வழிபாட்டு நாள் என்பதால் அது நிலைத்து, பிறகு மற்றவர்களுக்கும் பொது விடுமுறையாகிவிட்டது. நான் பொது விதி என்று நினைத்ததற்குள் ஏற்கெனவே ஒரு மதம் உட்கார்ந்திருந்தது. பழகிப்போனதால் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

கடைசியில் அவருடைய மதிய இடைவேளையை இன்னொருவருடையதோடு மாற்றிப் போட்டேன். பட்டியலில் மாறியது இரண்டே கட்டம். அதற்கு மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன் என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது.

---

எனக்கு நடந்தது வேறு மாதிரி. நான் கடவுள் நம்பிக்கை இல்லாதவள். ஒரு வழக்கில் சாட்சி சொல்லப் போனபோது, கடவுள் மேல் ஆணையிட்டுச் சொல்லச் சொன்னார் நீதிமன்ற ஊழியர். "உளமார உறுதி கூறுகிறேன் என்று சொல்கிறேனே" என்றேன். "சாமி பயம் இல்லாதவங்க சொல்றதை எப்படிம்மா நம்புறது?" என்றார், பாதி விளையாட்டாக. நீதிபதி கோப்பிலிருந்து நிமிரவே இல்லை. "உறுதிமொழி போதும், ஆரம்பியுங்கள்."

ஐந்து நொடியில் முடிந்துவிட்டது. இதே விஷயத்துக்காக பிரிட்டனில் சார்லஸ் பிராட்லா ஆறு வருடம் போராடினார். 1880-ல் நாடாளுமன்றத்துக்குத் தேர்வான நாத்திகர் அவர். கடவுள் பெயர் இல்லாமல் உறுதிமொழி எடுக்க விடவில்லை. சரி, வழக்கமான பிரமாணத்தையே எடுக்கிறேன் என்றபோதும் விடவில்லை. தொகுதி மக்கள் அவரையே திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்தார்கள். 1886-ல்தான் நிலையாக உட்கார இடம் கிடைத்தது. 1888-ல் சட்டமே மாறியது, அதைக் கொண்டுவந்தவரும் அவர்தான்.

---

உங்கள் இருவருக்கும் வெளியாட்களிடம் சிக்கல். எனக்கு வீட்டுக்குள்ளேயே.

அடுத்தவர் மதத்தை மதிப்பதில் எங்கள் அப்பாவை மிஞ்ச ஆள் கிடையாது. எல்லா மதத்து நண்பர்களும் வீட்டுக்கு வந்து போவார்கள். அக்கா மதம் மாறிவிட்டாள் என்று தெரிந்ததும், எட்டு மாதம் அவளிடம் பேசவில்லை. 1948 மனித உரிமைப் பிரகடனத்தின் 18-வது பிரிவைக் காட்டினேன். மத சுதந்திரத்தில் மதத்தை மாற்றிக்கொள்வதும் அடக்கம் என்று அதில் வெளிப்படையாகவே இருக்கிறது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதும் படித்தார். "இது அரசாங்கத்துக்கு எழுதினது. அப்பனுக்கு இல்லை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தப் பதிலில் சட்டப்படி பெரிய தப்பு இல்லை என்பதுதான் எரிச்சல்.

இப்போது வாரம் ஒருமுறை பேசிக்கொள்கிறார்கள். அவளுடைய புது மதத்தின் பெயர் மட்டும் அப்பா வாயில் வராது. ஆனால் அவள் வழிபாட்டுக்குப் போகிற நேரத்தில் ஒருநாளும் போன் செய்வதில்லை. தற்செயலா என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.