காலாவதியாகும் ஓப்பன்பிஜிபி திறவுகோல்: புதிய தரத்துக்கு இப்போதே மாறலாமா?

ஜார்ஜ்டவுன் கணக்கர்:

வணக்கம். பினாங்கில் ஒரு சிறிய கணக்கு நிறுவனத்தில் பணிபுரிகிறேன். வாடிக்கையாளர்கள் சம்பளப் பட்டியலையும் அடையாள அட்டை நகலையும் மின்னஞ்சலிலேயே அனுப்புவதால், விருப்பமுள்ளவர்களுடன் ஓப்பன்பிஜிபி மறையாக்கத்தை (பெறுநரின் திறவுகோலால் மட்டுமே திறக்கும்படி அஞ்சலைப் பூட்டும் பொதுத் தரம்) பயன்படுத்துகிறோம். எங்களிடம் இருப்பது தண்டர்பேர்டு என்ற மின்னஞ்சல் மென்பொருள். கோலாலம்பூரிலுள்ள தணிக்கையாளர் ஜிஎன்யுபிஜி என்ற மறையாக்க மென்பொருளை வைத்திருக்கிறார். ஆர்எஸ்ஏ என்ற பழைய கணித முறையில் அமைந்த எங்கள் திறவுகோல் விரைவில் காலாவதியாகிறது. 2024 ஜூலையில் வெளியான ஓப்பன்பிஜிபியின் புதிய தரமான ஆர்எஃப்சி 9580இல் ஆறாம் பதிப்புத் திறவுகோல், கடவுச்சொல்லை ஊகித்து உடைப்பதைக் கடினமாக்கும் ஆர்கான்2 போன்ற புதுமைகள் உள்ளனவாம். தரவு மீறலைத் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் அறிவிப்பது 2025 ஜூன் முதல் கட்டாயமாகிவிட்டதால் முதலாளியும் அவசரப்படுத்துகிறார். இப்போதே மாறலாமா? கூகுள் டிரைவில் வைக்கும் கோப்புகளுக்கும் இதுவே போதுமா?

பாயான் லெப்பாஸ் நிரலர்:

மின்னஞ்சலுக்கு இப்போதைக்கு மாற வேண்டாம், ஐயா. புதிய தரத்தில் குறை இருப்பதால் இதைச் சொல்லவில்லை. மறையாக்கிய அஞ்சலை இடைவழியில் ஒருவர் திருத்தினாலும் பல மென்பொருள்கள் அதைக் கண்டுகொள்ளாமல் திறந்து காட்டின என்பதை 2018இல் ஈஃபெயில் ஆய்வு அம்பலப்படுத்தியது. அந்த ஓட்டையை உறுதியாக அடைக்கும் முறை 9580இல் இருக்கிறது. ஆனால் ஜிஎன்யுபிஜியை உருவாக்குபவர்கள் அந்தத் தரத்தை ஏற்காமல் லிப்ரேபிஜிபி என்று தனிவழி போய்விட்டார்கள். இரு தரப்பும் ஒரே நோயைத்தான் குணப்படுத்துகின்றன. ஒருவர் எழுதிய சீட்டை மற்றவரின் மருந்தகம் ஏற்பதில்லை. நீங்கள் ஆறாம் பதிப்புத் திறவுகோலை உருவாக்கினால் உங்கள் தணிக்கையாளரால் அதை இறக்குமதி செய்யவே இயலாது.

திறவுகோலின் ஆயுளைத் தண்டர்பேர்டிலேயே நீட்டிக்கலாம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. திறவுகோல் மேலாளரில் காலாவதி நாளை மாற்றிவிட்டு, புதுப்பித்த பொதுத் திறவுகோலை (பிறர் உங்களுக்கான அஞ்சலைப் பூட்டப் பயன்படுத்துவது) அனைவருக்கும் மீண்டும் அனுப்புங்கள். புதிதாகத்தான் வேண்டுமென்றால் 25519 என்ற நீள்வட்ட வளைவு முறையில் பழைய தரத்தின் நான்காம் பதிப்புத் திறவுகோலை உருவாக்குங்கள். அது இரு பக்கமும் செல்லும். அதைத் தண்டர்பேர்டிலேயே உருவாக்குவது நல்லது. ஜிஎன்யுபிஜி 2.3க்குப் பிந்தைய பதிப்புகளில் பிறக்கும் திறவுகோல், தனக்கு ஓசிபி என்ற மறையாக்க முறை புரியும் என்று அறிவித்துக்கொள்கிறது. அதை வேறு மென்பொருளுக்குக் கொண்டுபோனால், அங்கே திறக்க முடியாத அஞ்சல்கள் வந்து சேரக்கூடும்.

தண்டர்பேர்டில் முதன்மைக் கடவுச்சொல் வைத்திருக்கிறீர்களா? அது இல்லையேல் அலுவலகக் கணினியில் அமரும் எவரும் உங்கள் அஞ்சலைப் படிக்கலாம். என் பார்வையில் எந்தப் புதிய தரத்தையும்விட உங்களுக்கு இதுதான் அவசரம்.

பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகி:

மேலே சொன்னதை ஏற்கிறேன், ஆனால் கோப்புகளின் கதை வேறு. பூட்டுபவரும் திறப்பவரும் நீங்களே என்பதால் மற்றவரின் மென்பொருளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. டிரைவில் வைப்பதற்கு கிரிப்டோமேட்டர் என்ற கோப்பு மறையாக்க மென்பொருள் பொருத்தமானது: ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியே மறையாக்குவதால், ஒன்றைத் திருத்தினால் அது மட்டுமே மீண்டும் பதிவேறும். கோப்புப் பெயரும் மறைந்துவிடும். கோப்புகளின் எண்ணிக்கையும் அளவும் திருத்திய நேரமும் மறைவதில்லை. வெராகிரிப்ட் என்ற மற்றொரு மென்பொருள் எல்லாவற்றையும் ஒரே கொள்கலனுக்குள் வைப்பதால் மடிக்கணினிக்கும் வெளி வட்டுக்கும் ஏற்றது, மேகத்துக்கு அவ்வளவாக ஏற்றதன்று.

ஓப்பன்பிஜிபி மென்பொருளை நிறுவ மறுக்கும் வாடிக்கையாளருக்கு, கோப்புகளைச் சுருக்கிப் பூட்டும் 7-ஜிப் போதும். 7இசட் வடிவத்தைத் தேர்ந்து, கோப்புப் பெயர்களையும் மறையாக்கும் பெட்டியைக் குறியிட மறவாதீர்கள். இல்லாவிட்டால் உள்ளே யாருடைய சம்பளச் சீட்டு இருக்கிறது என்பது கடவுச்சொல் இன்றியே தெரிந்துவிடும். கடவுச்சொல்லைத் தொலைபேசியில் சொல்லுங்கள், அதே மின்னஞ்சலில் அனுப்பாதீர்கள்.

ஜார்ஜ்டவுன் கணக்கர்:

இருவருக்கும் நன்றி. ஆயுளை நீட்டிப்பதென்று முடிவுசெய்தோம். இன்றைய மறையாக்கத்தைப் பின்னாளில் உடைக்கக்கூடும் என்கிறார்களே, அந்தக் குவாண்டம் கணினியை எண்ணி இப்போதே அஞ்ச வேண்டுமா?

பாயான் லெப்பாஸ் நிரலர்:

அஞ்சலை இன்று சேகரித்து வைத்துப் பின்னாளில் உடைக்க முயலலாம் என்பது உண்மையே. வரி ஆவணங்களை ஏழாண்டுகள் வைத்திருந்தால் போதும், ஆனால் அடையாள அட்டை எண் வாழ்நாள் முழுவதும் மாறாதது. அதன் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த தேதியையே காட்டுகின்றன. அதனால் இக்கேள்வியை வீண் என்று தள்ள மாட்டேன். ஜிஎன்யுபிஜி 2.5 வரிசையில், குவாண்டம் கணினியையும் தாங்கும்படி வகுத்த கைபர் முறை வந்துவிட்டது. ஆயினும் உங்கள் பக்கம் தண்டர்பேர்டு இருக்கும்வரை அதனால் பயனில்லை. அதுவரை அடையாள அட்டை நகலை, தேவைப்படாத அஞ்சல்களில் இணைக்காமல் இருக்கலாம்.

பின்னொரு நாள் புதிய திறவுகோலுக்கு மாறினாலும் பழைய தனித் திறவுகோலை (உங்களுக்கு வந்த அஞ்சலைத் திறப்பது) அழித்துவிடாதீர்கள். அதற்கு வந்த அஞ்சல்களை வேறு எதனாலும் திறக்க முடியாது. காப்பு நகலைக் கடவுச்சொல்லுடன் ஏற்றுமதி செய்து, அலுவலகத்துக்கு வெளியே வையுங்கள்.