அதிகபாரம் ஏற்றிய நடைக்கு வாடகை கேட்க முடியுமா?

கேள்வி

சொந்தமாக இரண்டு லாரிகள் வைத்து, ஒரு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தத்தின்பேரில் சரக்கு ஓட்டி வருகிறேன். ஒரு நடையில் அனுமதிக்கப்பட்ட எடைக்கு மேல் பாரம் ஏறிவிட்டது. ஏற்றியவர் அவர்களுடைய கிடங்குக் கண்காணிப்பாளர், நானும் தடுக்கவில்லை. சரக்கு சேதமின்றிப் போய்ச் சேர்ந்த பிறகு, சட்டத்தை மீறிய நடை என்பதால் ஒப்பந்தமே பொதுக் கொள்கைக்கு (பொதுநலன் கருதி நீதிமன்றம் காக்கும் நெறிகளுக்கு) முரணானது என்று கூறி வாடகை முழுவதையும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். தவிர, தாமதமாகும் ஒவ்வொரு மணிக்கும் பிடித்தம் உண்டு என்றும், நேரத்துக்குச் சேர்ப்பதற்காக வேகம் மீறி அபராதம் விழுந்தால் அதை நிறுவனமே ஏற்கும் என்றும் ஒரு ஷரத்து இருக்கிறது. இவை செல்லுமா?

முதல் பதில்

ஒப்பந்தத்தின் நோக்கம் சட்டவிரோதமாக இருப்பது வேறு, நல்ல ஒப்பந்தத்தை நிறைவேற்றும் வழியில் சட்டம் மீறப்படுவது வேறு. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872இன் 23ஆம் பிரிவு செல்லாததாக்குவது முதல் வகையைத்தான். மலேசியாவின் 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவும் அதே வார்ப்பு. இரண்டாம் வகைக்கு 1956இல் இங்கிலாந்தில் தீர்ப்பான செயின்ட் ஜான் ஷிப்பிங் வழக்கு நல்ல உதாரணம். கப்பலில் அளவுக்கு மீறிச் சரக்கு ஏற்றியதற்காக அபராதம் விதிக்கப்பட்டிருந்தும், அதைக் காட்டிச் சரக்குக்காரர் வாடகையில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்ள முடியாது என்று நீதிபதி டெவ்லின் தீர்ப்பளித்தார்.

இரண்டாம் பதில்

கப்பல் வழக்கை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். லாரித் தொழிலுக்கே உரிய இங்கிலாந்து வழக்கு 1973இன் ஆஷ்மோர் பென்சன். சட்டப்படி மொத்தம் 30 டன்னுக்கு மேல் போகக்கூடாத லாரியில், தானே 10 டன் எடையுள்ள அந்த வண்டியின் மேல் 25 டன் இயந்திரத்தை ஏற்றியதில் லாரி கவிழ்ந்தது. ஒப்பந்தம் செய்யும்போது குற்றமில்லை. ஆனால் சரக்குக்காரரின் போக்குவரத்து அலுவலர்கள் பார்த்துக்கொண்டிருக்கவே அது ஏற்றப்பட்டதால், சரக்குக்காரர் கேட்ட நஷ்டஈடு கிடைக்கவில்லை. மாறாக 1961இன் ஆர்ச்போல்ட்ஸ் வழக்கில், பிறர் சரக்கை ஏற்ற உரிமம் இல்லாத வண்டி என்பதை அறியாமல் விஸ்கிப் பெட்டிகளை ஒப்படைத்தவருக்கு, அவை திருடுபோனபோது ஈடு கிடைத்தது. ஆக, யாருக்கு என்ன தெரிந்திருந்தது என்பதில்தான் வழக்கு நிற்கிறது. தெரிந்தே உடந்தையாயிருந்ததை உங்கள் மீதும் திருப்பிச் சொல்லலாம் என்பதால், அதிக எடை முன்கூட்டியே பேசி முடிவானதா என்பதைத் தெளிவுபடுத்துங்கள்.

கேள்வி கேட்டவர்

இல்லை ஐயா. அனுமதிக்கப்பட்ட எடைக்குள் என்றே ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. கூடுதல் மூட்டைகள் ஏற்றும் இடத்தில்தான் வந்து சேர்ந்தன.

இரண்டாம் பதில் தந்தவர்

அப்படியானால் உங்கள் நிலை வலுவானது. அனுமதிக்கப்பட்ட எடைக்கான வாடகையைத் தனியாகக் கணக்கிட்டுக் கேளுங்கள். கூடுதல் பாரத்துக்கு உரிய தொகையைக் கேட்பது தேவையில்லாமல் பலவீனத்தை வரவழைக்கும். தாமதப் பிடித்தம் வணிகப் பேச்சு மட்டுமே, அதில் பொதுக் கொள்கை நுழைவதில்லை. ஆனால் சட்டம் அனுமதிக்கும் வேகத்திலும் ஓட்டும் நேரத்திலும் எட்டவே முடியாத நேரத்தைக் குறித்துவிட்டுப் பிடித்தம் செய்வது, விதியை மீறக் கூலி கொடுப்பதற்குச் சமம் என்று வாதிடலாம். அபராதத்தை ஏற்பதாகச் சொல்லும் பகுதி பார்வைக்கு உங்களுக்குச் சாதகம். இருந்தாலும் தெரிந்தே செய்யப்போகும் குற்றத்துக்கு முன்கூட்டியே ஈடு தருவதாகச் சொல்லும் வாக்குறுதியை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தருவதில்லை. அதைப் பிரித்தெடுத்து நீக்க முடிந்தால் மீதி ஒப்பந்தம் நிற்கும். எடைமேடைச் சீட்டையும், ஏற்றியவர் கையெழுத்திட்ட சரக்குச் சீட்டையும் பத்திரமாக வைத்திருக்கிறீர்களா? யார் ஏற்றினார்கள் என்பதை அவைதான் சொல்லும்.